பூட்டிய அறையின் முன்கதை

அந்தப் படத்தை நானும் என் அண்ணனும் திருப்பதியில் ஒரு சனிக்கிழமைக் காலைக் காட்சியில் பார்த்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் நகரியில் எங்கள் வீட்டு பவர்லூமை நைனாவோடு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) முறைவைத்து ஓட்டிவிட்டு, மீதி நேரத்தில் திருப்பதிக்கு வந்து கம்ப்யூட்டர் படித்தான். வாரக் கடைசியில் என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவது அவன் பொறுப்பு. பஸ் ஏறுமுன் ஒரு படம் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அம்மாவுக்குத் தெரியும். கேட்கமாட்டாள்.

அண்ணனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி ஒரு காலை ஊன்றி, யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடுகிறவன் மாதிரிதான் உட்காருவான். பஸ் ஸ்டாண்டில் நின்றால் பெங்களூர், ஹைதராபாத், மெட்ராஸ் என்று பலகைகளை வாய்விட்டுப் படிப்பான். எனக்கும் அந்த வியாதி உண்டு. நான் மனசுக்குள் படிப்பேன், அவ்வளவுதான்.

படம் ஆங்கிலம். வசனத்தில் பாதி எங்களுக்குப் பிடிபடவில்லை. கதை பிடிபட்டது. எங்கோ ஒரு கோளில் கைவிடப்பட்ட சுரங்க நிலையம். பழுதான விண்கப்பல் ஒன்று அங்கே இறங்குகிறது. உள்ளே ஒரே ஒரு ஆள், வயதான காவல்காரன். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுகிறான், கப்பலைச் சரிசெய்ய உதவுகிறான். ஒரு அறையை மட்டும் யாரையும் திறக்க விடுவதில்லை. அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் நின்று, உள்ளங்கையை அதன்மேல் ஒரு நொடி வைத்துவிட்டுப் போகிறான். கடைசியில் கப்பல் தயாராகிறது. எங்களோடு வந்துவிடு என்று கெஞ்சுகிறார்கள். அவன் வரவில்லை. கதவும் திறக்கவில்லை. கப்பல் மேலே போகப்போக நிலையத்தின் விளக்கு சிறுத்துப் புள்ளியாகிறது. படம் முடிந்துவிட்டது.

ரயிலுக்கு நேரம் போக்க உள்ளே வந்திருந்தவர்கள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, "இதேம் சினிமா" என்று தெலுங்கில் திட்டிக்கொண்டே எழுந்தார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை. தரை பெருக்க வந்தவள் வெளக்குமாற்றால் காலைத் தட்டிய பிறகுதான் எழுந்தோம்.

பஸ்ஸில் சண்டை ஆரம்பித்தது.

"உள்ள யாரோ கீறாங்கண்ணா," என்றேன். "கட்டிப்போட்டு வச்சிருக்கான். இல்லன்னா செத்துப்போன யாரையோ வச்சிருக்கான்."

"ஒண்ணும் இல்ல. வெறும் ரூமு. அவனுக்குப் போவ இஷ்டமில்ல. அதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல?"

"சாக்குன்னா இன்னாத்துக்குக் கைய வச்சுப் பாக்கறான்?"

"நீ எல்லாத்துக்கும் காரணம் கேக்கற பாப்பா. காரணத்தச் சொல்லிட்டா அந்தாள் சாதாரணமா பூடுவான்."

புத்தூரில் நாராயணவனம் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கிக் கூட்டம் குறைந்தது. எங்கள் குரல்தான் பஸ்ஸில் பெரிதாகக் கேட்டது. வீட்டுக்குப் போயும் விடவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி நைனாவுக்கும் கதை சொன்னோம். அவர் தறியை நிறுத்தி, முழுக்கக் கேட்டுவிட்டு, "அது சரி, அந்தாளுக்கு அரிசி எங்கேர்ந்து வருது?" என்றார். அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. அவனுக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது.

அடுத்த வாரமும் அதே படம் ஓடியது. மறுபடி போனோம். இரண்டாவது தடவை நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஊரில் எல்லாமே வேகமாகப் போயிற்று. தெருவில் கேபிள் வந்தது. திருப்பதியில் இருக்கிற மாடிக்கெல்லாம் கம்ப்யூட்டர் பலகை மாட்டினார்கள். படித்தவன் படிக்காதவன் எல்லாரும் பாஸ்போர்ட் என்ற சொல்லை ரேஷன் கார்டு மாதிரிச் சொல்ல ஆரம்பித்தார்கள். அண்ணன் ஹைதராபாத் போனான். அங்கிருந்து ஒரு நாள் எஸ்.டி.டி. பூத்துக்கு எங்களை வரச்சொல்லி, அமெரிக்கா என்றான். அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் அழுத்திக்கொண்டாள். பிறகு, "அங்க குளுருமாமே," என்றாள்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அவன் என் காதில் சொன்னான்: "பி.எட். முடி. அதுக்குள்ள நான் அங்க நின்னுடுவேன். உன்னயும் இட்டுக்கினு பூடறேன். மேல படி."

நான் பி.எட். முடித்தேன். பாஸ்போர்ட் எடுத்து வைத்தேன். சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன், தற்காலிகமாகத்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். அண்ணன் போனில் அடுத்த வருஷம் என்றான். அதற்கடுத்த வருஷம் சட்டம் மாறியிருக்கிறது என்றான். அப்புறம் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குக் கல்யாணமாயிற்று. அவர் பங்காருபாளையம் ரோட்டில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மகள் பிறந்தாள். தற்காலிக வேலை அப்படியே நடந்துகொண்டிருந்தது.

பள்ளியின் மொட்டை மாடியில் நின்றால் பெங்களூர் ரோடு தெரியும். மாம்பழ சீசனில் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். லாரி நகர்ந்தால் எனக்கும் என்னவோ நகர்கிற மாதிரி இருக்கும். மணி அடித்துக் கீழே இறங்கும்போது யார்மீது என்று தெரியாத கோபம் வரும். அந்தக் கோபத்தோடு போய் நியூட்டன் விதி நடத்துவேன்.

அப்படிப்பட்ட ஒரு சீசனில் அண்ணன் திடீரென்று வந்தான். சில மாதங்களாக அவனிடமிருந்து போனே இல்லை. நாங்கள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டோம். பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டு வாசலில் ஒரு பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். தலையில் நரை.

"சொல்லவே இல்ல?" என்றேன்.

"சொல்லிட்டு வந்தா நீ ஏர்போர்ட்டுக்கு வருவ. உனக்கு லீவு போவும்." பெட்டியை உள்ளே வைக்கும் முன்பே, "பாப்பா, நம்ப படத்துக்கு ப்ரீக்வல் வந்துக்கீது, தெரியுமா? முன்ன நடந்த கதை. அந்தக் காவல்காரன் வயசுப் பையனா கீறான். திருப்பதில தெலுங்குல ஓடுது," என்றான்.

என் கணவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் கழித்து வருகிறவன் முதலில் பேசுவது இதுவா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. எங்களுக்குள் அதுதான் விட்ட இடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான், அண்ணன், அஞ்சாம் வகுப்பு படித்த என் மகள், மூவரும் போனோம். பழைய தியேட்டர் இல்லை. குளிர் எலும்பைத் தொடுகிற புதுத் தியேட்டர். மொட்டைத் தலைகள் இப்போதும் வந்திருந்தார்கள். ஏ.சி.யில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு தூங்கினார்கள்.

படம் தொடங்கியதும் எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. பழைய படத்தில் நிலையம் என்பது நாலைந்து தாழ்வாரம், ஒரு சமையலறை, கட்டைவிரல் பருமனுள்ள சுவிட்சுகள். விளக்கு மினுக்கினாலே அண்ணன் கையைப் பிடித்துக்கொள்வேன். புதுப் படத்தில் அதே நிலையம் ஊர்த் திருவிழா போலிருந்தது. ஆயிரம் பேர் நடமாடினார்கள். கண்ணாடியைத் தொட்டால் எழுத்து ஓடியது. முன்னால் நடந்த கதைதானே இது? முன்னால் இருந்தவர்களுக்கு இவ்வளவு கண்ணாடித் திரைகள் இருந்தால், பின்னால் வந்த கிழவன் ஏன் தடித்தடியான பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான்? அதைவிட, பழைய படத்தில் நாங்கள் கவனித்தும் கவனிக்காமலும் விட்டதற்கெல்லாம் இதில் ஒரு கதை வைத்திருந்தார்கள். அவன் கோட்டில் ஒரு பித்தான் இருக்காது. அது எந்தச் சண்டையில் அறுந்தது என்று காட்டினார்கள். அவன் சாப்பிடும் கிண்ணம் நெளிந்திருக்கும். அது எப்படி நெளிந்தது என்றும் காட்டினார்கள். அவன் பள்ளத்தின் விளிம்பில் ஒரு கையால் தொங்கியபோது தியேட்டரே விசிலடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் கிழவனாகும்வரை சாகமாட்டான் என்பதுதான் தெரியுமே.

தெலுங்குக் குரல் வேறு. புராணப் படத்தில் சாமிக்குக் கொடுக்கிற குரலை அந்த ஒல்லிப் பையனுக்குக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் கேட்டால்கூட வரம் கொடுப்பது போலிருந்தது.

ஒன்றே ஒன்று எனக்குப் பிடித்தது. அவன் சிரித்தான். பழைய படத்தில் அந்த மனிதன் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அறையையும் திறந்து காட்டிவிட்டார்கள். உள்ளே ஆளும் இல்லை, பிணமும் இல்லை. வானொலி அறை. சுரங்கம் மூடப்பட்டு, கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகின்றன. ஊரிலிருந்து அவனை விடாமல் கூப்பிடுகிறார்கள். எப்போது வருகிறாய், எப்போது வருகிறாய் என்று. அவன் கையில் காசும் இல்லை, சொல்ல ஒரு தேதியும் இல்லை. ஒருநாள் இரும்புக் கம்பியை எடுத்து வானொலியை நொறுக்கிவிட்டுக் கதவைப் பூட்டுகிறான். பிறகுதான் கடைசிக் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போகிறது. இருக்கிறானா செத்தானா என்று கேட்க வழியில்லாததால் போகிறது.

திரும்பும் பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன். "நம்ப ரெண்டு பேர் சொன்னதும் தப்பு. அது போவட்டும். ஆனா இவங்க யாரு சொல்றதுக்கு? பித்தானுக்கு ஒரு கதை, கிண்ணத்துக்கு ஒரு கதை. அடுத்து அவன் செருப்புக்கு ஒரு படம் எடுப்பாங்க."

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குப் பிடிச்சுது," என்றான்.

"காரணம் சொன்னா அந்தாள் சாதாரணமா பூடுவான்னு நீதான சொன்ன?"

"சாதாரண ஆள்தான பாப்பா அவன்."

சந்திரகிரி தாண்டி மலை மறையும்வரை அவன் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. காலை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தான். முன் சீட்டுக்காரர் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார்.

அவன் நகரிக்குப் போகாமல் எங்கள் வீட்டிலேயே தங்கினான். இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்றான். காலையில் வெளியே போனால் சித்தூர் முழுக்க நடந்துவிட்டு வருவான். மகள் அவனை விடவில்லை. "மாமா, அப்புறம் அந்தப் பையன் இன்னா ஆனான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எங்கள் பழைய படம் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அதுதான் இரண்டாவது படம். அண்ணன் கடைத்தெருவில் அலைந்து பழைய படத்தின் டிவிடியைத் தேடிக்கொண்டு வந்தான்.

என் கணவர் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் மூவரும் அதைப் போட்டோம். மாம்பழம் நறுக்கித் தட்டில் வைத்திருந்தேன். முதல் தாழ்வாரம் வந்ததுமே எனக்குப் பழைய திகில் திரும்பி வந்தது. மகளுக்கு வரவில்லை. படம் மெதுவாகப் போகிறது என்றாள், கம்ப்யூட்டரெல்லாம் எங்கே என்றாள். நான் மாம்பழத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். பிறகு அந்தக் கிழவன் கதவருகே நின்று உள்ளங்கையை வைத்தான். எந்த இடத்தில் நானும் அண்ணனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமோ, அந்த இடத்தில் அவள் அழுதுவிட்டாள்.

"இன்னாத்துக்கு அழற?" என்றேன்.

"பாவம்மா. அவனுக்கு வெக்கமா கீது. ரேடியோவ உடைச்சிட்டு யார்கிட்டயும் சொல்ல முடியல."

வெட்கம். எத்தனை முறை பேசியிருப்போம், எத்தனை காரணம் அடுக்கியிருப்போம். அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நாங்கள் கதவைப் பார்த்தோம். அவள் அந்த மனிதனைப் பார்த்தாள். பின்னால் வந்ததை முதலில் பார்த்தவளுக்கு அந்தப் படத்தில் மர்மம் என்று எதுவும் இல்லை. எங்களுக்குக் கிடைத்த பயம் அவளுக்குக் கிடைக்காது. அவளுக்குக் கிடைத்தது எங்களுக்கு அன்று கிடைக்கவில்லை. எந்தப் படம் உயர்ந்தது என்று எனக்கு அந்த நேரத்தில் சொல்லத் தெரியவில்லை. இன்றும் தீர்மானமாகத் தெரியாது.

அண்ணன் எழுந்து வெளியே போனான். நான் பின்னாலேயே போனேன். துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். காலை ஆட்டவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

"வேல போச்சு பாப்பா," என்றான். "போன தீவாளிக்கு முன்னாடியே. நூறு பேரு ஒரே நாள்ல. வேற பாக்கலாம்னு அலைஞ்சேன். கெடைக்கல. அம்மா போன் பண்ணும். இன்னா துன்ன, எப்ப வர்ற அப்டின்னு. இன்னா சொல்றது? அப்புறம் எடுக்கறதையே உட்டுட்டேன். மணி அடிச்சுக்கினே கெடக்கும், நான் அதப் பாத்துக்கினு உக்காந்திருப்பேன்."

"திரும்பிப் போறியா?"

"போவ முடியாது. விசா முடிஞ்சிபோச்சு." கல்லில் கிடந்த சோப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "உன்ன இட்டுக்கினு போறேன்னு சொன்னேன். இட்டுக்கினு போவல," என்றான்.

அதைக் கேட்க நான் பல வருஷம் காத்திருந்தேன். கேட்டபோது எனக்கு ஆறுதலாக இல்லை, ஆத்திரமாக வந்தது. அவன்மீது அல்ல. அவன் கூப்பிட்டால்தான் போகமுடியும் என்று யார் எனக்குச் சொன்னது? மொட்டை மாடியில் நின்று லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தானே.

"மொதல்ல நகரிக்குப் போலாம் எழுந்துரு," என்றேன். "நைனா கிட்ட நீயே சொல்லு."

அன்றைக்கே கிளம்பினோம். நைனா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். அண்ணன் தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தான்.

"வேல போனா வேற வேல," என்றார் நைனா. "அது ஒரு விஷயமில்ல. போன ஏன் எடுக்கல நீ? உங்கம்மா அந்தப் போன் பக்கத்துலயே படுத்துக்கினு கெடந்தா."

அம்மா அவனுக்குத் தட்டு வைத்தாள். அவனைத் திட்டவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் நைனா தறியை ஓட்டிவிட்டார். அதற்குமேல் யாரும் பேசமுடியவில்லை.

அண்ணன் சித்தூரில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தான். ஒரு நண்பரோடு சேர்ந்து பையன்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆரம்பித்தான். அந்த மழைக்காலத்தில் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது. மாலத்தீவுப் பள்ளிகளுக்கு இயற்பியல் ஆசிரியர்கள் தேவை. முன்பும் இப்படி வந்திருக்கிறது. படித்துவிட்டு அதில் கொத்தமல்லி சுற்றி வைத்திருக்கிறேன். இந்த முறை என் கணவரிடம் காட்டினேன்.

அவர் படித்தார். மடித்தார். மறுபடி விரித்தார். "ரெண்டு வருஷம்னு போட்டுக்கீறான்," என்றார்.

"ஆமா."

"பொண்ண யாரு பாத்துக்கறது? சீசன்ல நான் வீட்டுக்கே வர்றதில்ல."

அறையிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "நான் கீறேன் மச்சான். இஸ்கூலுக்கு இட்டுக்கினு போறது, சோறு ஆக்கறது, எல்லாம் நான் பாத்துக்கறேன்."

என் கணவர் உடனே சரி என்று சொல்லவில்லை. சில வாரம் பேச்சே குறைந்துபோயிற்று. அம்மா, பொம்பள எதுக்குக் கடல் தாண்டிப் போகணும் என்று கேட்டாள். மகன் தாண்டியபோது குளிரைப் பற்றி மட்டும்தான் கேட்டாள். சென்னைக்கு நேர்காணலுக்குப் போகும் நாளில் கணவர் தானே வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். "கெடைச்சா போ. கெடைக்காட்டி என்மேல கோவப்படாத," என்றார்.

கிடைத்தது. போனேன்.

தீவு சின்னது. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். முதல் சில மாதங்கள் சித்தூர் பஸ் ஸ்டாண்டின் டீசல் வாசனைக்கு ஏங்கிச் செத்தேன். வகுப்பில் ஒரு பெண் எழுந்து, விண்வெளியில் சத்தம் போகாது என்கிறீர்கள், அப்படியானால் படத்தில் கப்பல் மட்டும் ஏன் இடிமாதிரி உறுமுகிறது என்று கேட்டாள். படக்காரர்களுக்குப் பயம், சத்தமில்லாவிட்டால் நாம் தூங்கிவிடுவோமென்று, என்றேன். வகுப்பு சிரித்தது. அன்றைக்குத்தான் அந்த ஊரில் எனக்குக் கொஞ்சம் கால் ஊன்றியது.

இரண்டு வருஷம் முடியும்போது தலைமையாசிரியர் இன்னும் நீட்டிக்கிறீர்களா என்று கேட்டார். வீட்டில் கேட்காமலேயே தலையாட்டிவிட்டேன். போனில் சொன்னபோது, உங்கண்ணனிடமே பேசு என்றார் கணவர். அண்ணன் போனை வாங்கினான். அவனுக்கு பெங்களூரில் நல்ல வேலை கிடைத்திருந்தது, அடுத்த மாதம் போகவேண்டும். மகளை என்ன செய்வது என்று இருவரும் மாறி மாறிக் கேட்டார்கள். அன்று முழுக்கக் கடற்கரையில் நடந்துகொண்டே இருந்தேன்.

பதிலை மகளே சொன்னாள். லீவுக்கு அவளையும் கணவரையும் வரச்சொல்லியிருந்தேன். தலைநகரிலிருந்து தீவுக்கு மோட்டார் படகில் வரவேண்டும். கடல் அன்று மோசம். படகுத்துறையில் இறங்கியபோது அவள் முகம் வெளுத்திருந்தது, சட்டையெல்லாம் வாந்தி. என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். கணவர் பின்னால் பைகளோடு தடுமாறி வந்தார், ஒரு பையில் மாம்பழ வாசனை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க இஸ்கூல்ல என்ன சேத்துப்பாங்களாம்மா?" என்று கேட்டாள்.

"சேத்துப்பாங்க," என்றேன். கணவர் எங்களைப் பார்த்தார். பைகளைக் கீழே வைத்தார், மகளுடையதை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, முகம் கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டார்.